கணக்குக் காட்டாதவரின் மைத்துனர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு குடத்தில் போய்த்தான் நிற்கும். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்த குடவோலை முறை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்த இரண்டு சாசனங்களில் குடத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது வேறொரு பகுதி. யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே கூடாது என்று சபையார் எழுதிவைத்த பட்டியல் அது.

முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியம் செய்ய முடியாது. அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், தன்னோடு பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளைக் கட்டியவர், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு உறவாக எண்ணி அத்தனை பேரையும் விலக்கியிருக்கிறார்கள். கழுதை ஏறினவர், கள்ளக் கையெழுத்து இட்டவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோருக்கும் இடமில்லை. ஆனால் உறவுமுறை இவ்வளவு நீளமாக வந்து விழுவது முதன்மையாகக் கணக்கு விஷயத்தில்தான். ஊர்ப்பணத்தை ஒருவர் தின்றால் வீடே சேர்ந்து தின்றதாக அர்த்தம் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய விதி இது.

தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் வரவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்று இன்றைக்குக் கூடுகிற குடியிருப்போர் நலச் சங்கங்களின் முன்னோடியைத் தேடுபவர்கள் உத்திரமேரூரில் தேட வேண்டியது வாக்கெடுப்பை அல்ல என்பது என் வாதம். அந்த வாரியங்களைக் கட்டி நிறுத்தியவை இரண்டு. ஊரின் கையிலேயே இருந்த பணம் ஒன்று. அந்தப் பணத்துக்குச் சொல்லியே ஆக வேண்டிய கணக்கு மற்றொன்று. இந்த இரண்டில் ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போய்விடுகிறது. அது எப்படிப் போனது என்பதை உத்திரமேரூரை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பதைவிட, அதே சட்டமன்றத் தொகுதியில், வாலாஜாபாத் ஒன்றியத்தில் இருக்கும் தென்னேரியை வைத்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் தென்னேரி என்பது முதலில் ஓர் ஏரி, பிறகுதான் ஊர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று அது. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு இணைத்து, திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்று சொல்வது வழக்கம். சோழர் காலத்தில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் உத்தமசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரோடு பிரமதேயமாக இருந்தது. அதாவது உத்திரமேரூரைப் போலவே சபை நடத்திய ஊர். மழை வருஷத்துக்குச் சில மாதம் மட்டும் பெய்யும், பாலாற்றில் மணல்தான் அதிகம் தெரியும் என்றிருக்கிற தொண்டை மண்டலத்தில் ஏரி இல்லாமல் நெல் இல்லை. நெல் இல்லாமல் சபை இல்லை, கோயில் இல்லை, வரியும் இல்லை. ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம் வைத்ததில் வியக்க ஒன்றுமில்லை.

உத்திரமேரூரில் அந்த வாரியத்துக்கு 6 பேர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் இரண்டுக்கும் 12 பேர் வீதம். பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம், மற்றொரு பக்கம் பஞ்சவார வாரியம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு குடும்புக்கு ஓர் ஆள் வீதம் ஓலை எடுத்து, அந்த 30 பேரிலிருந்து வாரியங்களை நிரப்பினார்கள். பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த 3 ஆண்டு ஓலைக்கு வர முடியாது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். விரலை மடக்கினால் ஓலை மாறிவிடும் என்ற சந்தேகம். அவர் வாசித்த பிறகு அங்கிருந்த நம்பிமார் (கோயில் அர்ச்சகர்) எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். யாரையும் நம்பவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதே ஓர் அழகு.

கணக்கு எழுதுபவருக்கு வைத்த விதி இன்னும் கறார். பெருங்குறிப் பெருமக்களிடம், அதாவது சபையாரிடம், கணக்கை ஒப்படைத்து, சரி என்று பெயர் வாங்கிய பிறகே மறுபடி கணக்கெழுத வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் இடையில் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. முன்னாள் பொருளாளர் ஊரை விட்டுப் போய்விட்டார், நோட்டு அவரிடம்தான் இருக்கிறது என்று இன்றைக்கும் சங்கக் கூட்டங்களில் கேட்கிற சமாதானத்துக்கு 921இலேயே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? நிலக்கொடையும் பொற்கொடையும்தான் பெரும் வழி. பொன்னைச் சபையிடமோ வாரியத்திடமோ முதலாக வைத்துவிட்டால், அதன் பலிசையில் (வட்டியில்) ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தித் தூர் எடுத்துக் கரையில் போட வேண்டும். பல்லவர் காலத்திலேயே வெட்டப்பட்ட உத்திரமேரூர் வயிரமேக தடாகத்துக்கு இப்படிப் பல கொடைகள் உண்டு. தமிழ்நாட்டின் வேறு ஏரிகளில் மண் ஏற்றிப் போக ஓடம் விட்டதும், ஓடக்காரருக்கும் தச்சருக்கும் நெல் அளந்ததும் கல்லில் இருக்கின்றன. கொடையாளர் செத்துப்போன பிறகும் முதல் அப்படியே இருக்கும், வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கணக்குக் காட்டாதவர் மேல் அவ்வளவு ஆத்திரம். அவர் தின்றது அந்த வருஷத்துப் பணத்தை மட்டும் இல்லை, பலிசை குட்டி போட்டுக்கொண்டிருந்த முதலை.

இதை ஊர்த் தன்னாட்சியின் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்கள் அதே சாசனத்தின் மற்ற வரிகளையும் வாசிக்க வேண்டும். ஓலையில் பெயர் வர, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் அதிகம் படித்திருந்தால் நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். பெண் இல்லை. பிராமணர் அல்லாதவர் இல்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் குடத்தில் விழுந்திருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, இரண்டு முறையும் அரசனுடைய ஆணை வந்து, அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருக்கத்தான் சபை இந்த ஏற்பாட்டைச் செய்தது. மேலே அரசன், கீழே கூலி இல்லாத உழைப்பு, நடுவில் நிலம் உள்ளவர்களின் ஒழுங்கான நிர்வாகம். ஒழுங்கு உண்மை. யாருக்காக அந்த ஒழுங்கு என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். சபைகள் மறைந்த பின்னும் களத்துமேட்டில் ஊருக்கென்று நெல் ஒதுக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்ட் அளந்தபோது, குவியலைப் பங்கிடுவதற்கு முன்பே கணக்குப்பிள்ளை, வெட்டியான், கொல்லர், தச்சர், ஏரி என்று மேரை (பங்கு) பிரிப்பது கணக்கில் ஏறியது. ரயத்துவாரி வந்ததும் அரசாங்கம் ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தது. ஊருக்கான பங்கு வரிக்குள் கரைந்தது. பங்கை எடுத்துக்கொண்ட அரசாங்கம், உழைப்பை மட்டும் பழைய வழக்கப்படி ஊரிடமே எதிர்பார்த்தது. குடிமராமத்து எனப்பட்ட அந்த உழைப்புக்கு வராதவரைத் தண்டிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கமாகச் செய்துவந்த ஒன்றுக்குச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்பே அதன் உயிர் போயிருக்கிறது என்று பொருள். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளுக்குச் செலவு செய்தவர். அவரையும் நம் மக்கள் மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கதையில்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கரை உடையாமல் இருந்ததற்குக் கலெக்டரின் செலவைவிட ராமலட்சுமணரின் வில் நம்பத்தக்க காரணமாகத் தோன்றியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏரிகளை ஒரு கோடு போட்டுப் பிரித்தார்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் இந்தக் கோட்டின் ஏதாவது ஒரு பக்கம் நிற்கின்றன. தென்னேரி சந்தேகமில்லாமல் மேல் பக்கம். ஆகவே ஏரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊராட்சிக்கு அந்த ஏரியின் மதகு, கலங்கல், கரை எதன் மேலும் அதிகாரம் கிடையாது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் மூன்றாவதே சிறுபாசனமும் நீர் மேலாண்மையும்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அட்டவணையில் இருப்பது ஊருக்கு இறங்கவில்லை. மதகின் ஷட்டர் துருப்பிடித்து இறங்க மறுத்தால் ஊராட்சித் தலைவர் செய்யக்கூடியது, ஊர்க்காரர் எவரும் செய்யக்கூடியதுதான்: மனு எழுதுவது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம், மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டம், அங்கே ஒரு ரசீது.

கிராம சபையின் நிலையும் இதே. 2022 முதல் ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். கால் வேலி நிலம் கேட்பதில்லை, வேதம் கேட்பதில்லை. பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய உள்ளாட்சி இது. யார் உள்ளே வரலாம் என்ற கேள்வியில் பராந்தகன் காலத்துச் சபை இதன் வாசலில்கூட நிற்க முடியாது. ஆனால் தீர்மானத்துக்கு என்ன வலு? தென்னேரிக்குப் பாலாற்றுத் தண்ணீர் கொண்டுவரும் கம்பன் கால்வாய், பரந்தூர் விமான நிலையத்துக்குக் குறித்த நிலத்தின் ஊடாகப் போகிறது. அந்தத் திட்டத்தில் முழுதாகப் போகவிருக்கும் ஏகனாபுரம், 2022 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு கிராம சபையிலும் விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவந்தது. திட்டம் தன் வழியில் நகர்ந்தது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். தன் நிலத்தையும் நீரையும் பற்றி ஓர் ஊர் சபை கூடிச் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஊருக்கு அதிகாரம் இல்லாத இந்த வறட்சியில்தான் குடியிருப்போர் சங்கங்கள் முளைக்கின்றன. வாலாஜாபாத், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஏரிப் பாசன வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறின. நகர் என்று பெயர், கல் நட்ட மனை, நடுவில் 20 அடி மண் சாலை. அந்தச் சாலை முறைப்படி ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால்தான் ஊராட்சி அதில் பணம் செலவழிக்கலாம். மனை போட்டவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். சாலை அவர் பெயரிலேயே கிடக்கும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017இல் விதிகள் வந்தபோது, தனித்தனியாக அலைந்தவர்கள் கூட்டாக அலைவது மலிவு என்று கண்டுகொண்டார்கள். ஒரு லெட்டர் பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு எண். பல சங்கங்களின் பிறப்பு இப்படித்தான். அதனாலேயே அவை மனு எழுதுவதில் தேர்ந்தவையாகவும் மற்றவற்றில் கொஞ்சம் மந்தமாகவும் இருக்கின்றன.

ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றைப் பார்த்தால் புரியும். மாடியில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கொஞ்சம் தாமதமாக வரும் டீ. சாலை, கொசு, தெருநாய், கேமரா என்று ஒரு மணி நேரம் சூடாகப் போகும். பிறகு பொருளாளர் எழுந்து வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று வாசிப்பார். யாரோ ஒருவர் முன்மொழிவார், யாரோ வழிமொழிவார், டீ கிளாஸ் நகரும். இரண்டு நிமிடம் பிடிக்காது. திருட்டு நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. திருட அங்கே ஒன்றும் இல்லை. சந்தாவை வைத்து வாட்ச்மேன் சம்பளம் கொடுப்பதோடு சரி. செலவழிக்கப் பணம் இல்லாத இடத்தில் கணக்குக் கேட்கும் பழக்கமும் வளர்வதில்லை.

பணமும் கணக்கும் ஒரே தெருவில் இருந்த அரிய காலம் ஒன்று சென்னையில் வந்தது. எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருத் தெருவாகக் குடிமை எக்ஸ்னோராக்களை அமைத்தது. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை, அதில் ஒரு மூன்று சக்கர வண்டி, குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவருக்கே தெரு அழகாளர் என்ற பெயரோடு சம்பளம். வண்டி வராத நாளில் யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், பணம் எங்கே போனது என்றும் தெரியும். 2000இல் மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு அந்த வீட்டுக் காசுக்கு வேலை குறைந்தது. சங்கம் மறுபடி புகார் எழுதும் இடமாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் சங்கம் வைப்பார்கள், ஏழைகள் கட்சிக்காரரைப் பிடிப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பொதுவாக எழுதிவந்ததை, 2009இல் கரேன் கோயல்ஹோவும் டி. வெங்கட்டும் சென்னைச் சங்கங்களை வைத்து மறுபரிசீலனை செய்தார்கள். எளிய மக்கள் வாழும் பகுதிகளிலும் சங்கங்கள் உண்டு. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். வசதியான தெருக்களின் சங்கங்கள் பலவற்றில் வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டுக் கிடையாது. சொந்த மனையில் வீடு என்ற உத்திரமேரூர் நிபந்தனை 1,100 ஆண்டு கழித்தும் யாரும் கற்பிக்காமலேயே திரும்பி வந்திருக்கிறது. விலக்கை வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

அரசாங்கம் ஊரைக் கூட்டாளியாக்க முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகளுக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்துக் கொடுத்தது. 2017 மார்ச்சில் புதிய குடிமராமத்துத் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தது இதே மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில்தான். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். 10 விழுக்காட்டை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். கருத்து சரியானது. ஆனால் பல இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை எடுத்தார், 10 விழுக்காடு தாளில் மட்டும் வந்தது என்ற புகார் எழுந்தது. வேலைக்கென்று அவசரமாகக் கூட்டிய சங்கம் யாருக்குக் கணக்குச் சொல்லும்? பில்லைப் பாஸ் செய்யும் பொறியாளருக்கு. இதற்கு நேர்மாறு, கஜா புயலுக்குப் பிறகு 2019இல் பேராவூரணிப் பெரிய ஏரியில் நடந்தது. கடைமடைப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து அமைத்த கைஃபா, அரசாங்கத்துக்குக் காத்திராமல் நன்கொடை திரட்டி ஏரியைத் தூர்வாரியது. கொடுத்தவர் கண்ணெதிரே பொக்லைன் ஓடியது, மேலும் கொடுத்தார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஊர் அமைக்கச் சொன்ன குடிநீர் சுகாதாரக் குழு காகிதத்தில் ஏரி வாரியத்துக்கு மிக நெருக்கமானது. பாதிப் பேர் பெண்கள், ஊர் உள்கட்டமைப்புச் செலவில் 10 விழுக்காடு ஊரின் பங்கு, தண்ணீர்க் கட்டணத்தைக் குழுவே நிர்ணயிக்கலாம். அந்தக் கட்டணத்தை வாங்கி, மோட்டார் ரிப்பேருக்கும் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் அதிலிருந்தே கொடுத்து, கிராம சபையில் வரி வரியாக வாசிக்கிற குழு எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரில் வாரியம் பிழைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

ஊராட்சிக்கு இல்லாத ஒரு வசதி சங்கத்துக்கு உண்டு. ஊராட்சியின் விதிகளைச் சென்னையில் எழுதுகிறார்கள். பதிவு செய்த சங்கம் தன் துணைவிதியைச் சிறப்புத் தீர்மானம் போட்டுத் தானே திருத்திக்கொள்ளலாம். உத்திரமேரூர்ச் சபையும் 919இல் எழுதியதை இரண்டே ஆண்டில், 921இல், விரிவாகத் திருத்தி எழுதியது. முதல் ஏற்பாட்டில் ஓட்டை இருந்திருக்கிறது. கல்லில் வெட்டியாயிற்றே என்று கூச்சப்படவில்லை. கணக்குக் காட்டாத நிர்வாகியும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது, குடியிருக்கும் எவரும் வாடகைக்காரரானாலும் உறுப்பினரே என்ற இரண்டு வரியை எந்தச் சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தில் சேர்க்கலாம்.

சிற்றூரில் உறவினரை விலக்கினால் போட்டியிட ஆளே மிஞ்சாது என்று உடனே ஒருவர் எழுந்து சொல்வார். நியாயமான ஆட்சேபம். 30 குடும்புகளும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கக்கூடிய உத்திரமேரூரிலும் இதே ஆட்சேபம் எழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உறவினர் என்று பொத்தாம்பொதுவாக ஒரே சொல்லில் முடிக்காமல், சிற்றன்னை மகனிலிருந்து மருமகன் வரை ஒவ்வொருவராக எண்ணி எழுதியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஒன்றுவிட்ட பங்காளிக்கு ஓலையில் பெயர் எழுதத் தடை இல்லை.